முதல் மடக்கு அக்காவுக்கு!

செல்போன் அலறியது!

காலை ஏழு இருபது. பழனி அடிவாரத்தில் ஓர் ஒற்றை அறை வீடு. மொட்டைத் தலையைக் குளிருக்குத் துண்டால் சுற்றிக்கொண்டிருந்தாள் தமயந்தி. வயது ஐம்பத்திரண்டு. விளையாட்டு வீராங்கனைகளுக்குக் கை கால் பிடித்துவிடுவது தொழில்.

திரையில் ‘ஞானவேல் மாஸ்டர்’ என்ற பெயர் மின்னியது.

எடுத்த எடுப்பிலேயே பொரிந்தாள்.

“என்ன மாஸ்டர், பத்து மணிக்குன்னு சொல்லிட்டு இப்படி வெள்ளனே கூப்பிடுறீங்க? தூக்கம் வரலையா?”

மறுமுனையில் கரகரவென்று ஓர் அந்நியக் குரல்.

“மாஸ்டர் இல்லம்மா... கொடைக்கானல் போலீஸ். ஏட்டு பொன்னுச்சாமி பேசுறேன்.”

தமயந்தி துண்டை விட்டுவிட்டாள்.

“இந்த போன்ல கடைசியாப் பேசுன நம்பர் உங்களோடது. நீங்க அவருக்கு என்ன வேணும்? சம்சாரமா?”

“சம்சாரமா! அந்த மனுசன் கல்யாணமே வேணாம்னு கெடக்குறவரு. அவரு நடைப் போட்டிக்கு கோச். நான் மசாஜ். ஒரே டீம்ல வேலை பாக்கோம். ஏன்... என்னாச்சு?”

“வில்பட்டி ரோட்டுல, கேரட் ஏத்த வந்த வேன்காரன் பாத்திருக்கான். பள்ளத்துல விழுந்து கெடந்தாரும்மா...”

“முருகா! ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனீங்களா?”

“போனோம்...” ஏட்டு தொண்டையைச் செருமினார். “பின்பக்க ரூமுக்கு.”

பின்பக்க ரூமில் என்ன இருக்கும் என்று யாரும் தமயந்திக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“வெரசா வாங்கம்மா. அவரு சாகுறதுக்கு முன்னாடி ஒரு மெசேஜ் எழுதி வெச்சிருக்காரு. அதுல உங்க டீம் சோலிதான் இருக்கு.”

“என்ன எழுதியிருக்காரு?”

“நேர்ல வாங்க!”

போன் செத்தது.

*

பழனியிலிருந்து மலையேறும் பஸ். ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்திருந்தாள் தமயந்தி. ஒவ்வொரு வளைவிலும் தலை கம்பியில் இடித்தது. முழங்கால் வரை தொங்கிய முடி இருந்தபோது அது ஒரு தலையணை. இப்போது மண்டை ஓடு நேராகவே வலியை வாங்கிக்கொண்டது.

நேற்றுச் சாயங்காலம் மாஸ்டர் பேசியது காதுக்குள் திரும்பத் திரும்ப ஓடியது.

“தமயந்தி, மொட்டை போட்டுட்டியாமே?”

“ஆமா மாஸ்டர். பதினோரு நாளாச்சு.”

“அவசரப்பட்டுட்டியே... யாரைக் கேட்டுப் போட்ட?”

“இது என்ன கூத்தா இருக்கு! மொட்டை போடக் கோச்சுகிட்ட லீவு லெட்டர் குடுக்கணுமாக்கும்?”

“விளையாடாத. காலையில கண்மணிகிட்ட ஒரு விசயம் பேச வேண்டி கெடக்கு. பேசிட்டு பத்து மணிக்கு உன்னைக் கூப்பிடுறேன்.”

“இப்பவே சொன்னா என்னவாம்?”

“அவகிட்டதான் முதல்ல பேசணும். அதுதான் முறை.”

அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

கண்மணி!

வில்பட்டிக்காரி. இருபத்தேழு வயது. சின்ன வயதில் காய்கறிக் கூடையோடு மலை ரோட்டில் டவுனுக்கு நடந்து நடந்தே கால் உரமேறியவள். அந்த நடையைப் பார்த்து, இருபது கிலோமீட்டர் நடைப் போட்டிக்கு அவளை இழுத்து வந்தவர் ஞானவேல். அந்தக் கால்களை எட்டு வருடமாகப் பிடித்துவிடுபவள் தமயந்தி.

மூன்று மாதம் முன்னால் அந்தப் பெரிய ஆசியப் போட்டி. கடல் கடந்த ஊர். கண்மணியோடு இரண்டே இரண்டு பேருக்கு அனுமதி அட்டை கிடைத்தது. ஒன்று ஞானவேலுக்கு. இன்னொன்று தமயந்திக்கு!

கழுத்தில் தொங்கிய அந்த அட்டையை அவள் குளிக்கும்போது மட்டும்தான் கழற்றினாள். சாப்பாட்டுக் கூடத்துக்கு அட்டை. பஸ் ஏற அட்டை. மசாஜ் மேஜைக்கு அட்டை. வீராங்கனைகள் நடக்கும் பாதையோரம் தண்ணீர் மேஜைக்குப் பின்னால் நிற்பதற்கு, அதன் மேல் இன்னொரு கைப்பட்டை.

இருபது சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பாட்டில். கோட்டைத் தாண்டக் கூடாது. கூட ஓடக் கூடாது. கையை நீட்டி நிற்க வேண்டும். வருகிறவள் வேகத்தைக் குறைக்காமல் பறித்துக்கொண்டு போவாள்.

தமயந்திக்கு மட்டும் ஒரு வழக்கம் உண்டு. பயிற்சி முகாம் தொடங்கிய நாளிலிருந்தே உண்டு. கண்மணி குடிக்கிற எந்த பாட்டிலானாலும் முதல் மடக்கு தமயந்தி குடிப்பாள்!

“நான் குடிச்சு அஞ்சு நிமிசம் உசுரோட நின்னா நீ குடி!”

“நீங்க செத்துட்டா எனக்கு யாருக்கா கால் பிடிச்சு விடுவா?”

“அதுக்குத்தான் அஞ்சு நிமிசம் டைம் குடுக்கேன். ஆள் தேடிக்க!”

அன்றைக்கும் இருபது பாட்டிலிலும் முதல் மடக்கு அவள்தான் குடித்தாள். டி.வி.யில் உலகமே பார்த்தது. அடிவாரத்துப் பூக்கடைக்காரி கூடக் கேலி செய்தாள். “தாகம் உனக்கா, அந்தப் புள்ளைக்கா?”

கண்மணி வெண்கலம் வாங்கினாள்!

எல்லைக் கோட்டைத் தாண்டி, தமயந்தியின் மேல் விழுந்து, அவள் கொண்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஒரே மாதம். சிறுநீர்ச் சோதனையில் தடை மருந்து என்று கடிதம் வந்தது.

“நான் எதையும் தின்னலைக்கா... பாட்டில்லதான் யாரோ கலந்திருக்காங்க...”

தமயந்தி நம்பினாள். ஒரு நொடி கூடத் தயங்காமல் நம்பினாள்.

வெள்ளிக்கிழமை விசாரணை. இன்று புதன். கலந்தது வேறு யாரோ என்று நிரூபிக்கவில்லையென்றால் நான்கு வருடத் தடை. பதக்கம் போகும். முப்பத்தோரு வயதில் திரும்பி வந்து எங்கே நடப்பாள்? கேரட் வயலுக்குத்தான்!

இப்போது மாஸ்டரும் போய்விட்டார்.

பெருமாள்மலையில் பஸ் நின்றபோது, பக்கத்துச் சீட்டு அம்மாள் மெதுவாகக் கேட்டாள்.

“சாமிக்குக் குடுத்ததுக்கா இப்படி அழுவாங்க? முடிதானே... வளந்துரும்மா.”

*

அரசு ஆஸ்பத்திரியின் பின்பக்கம் மூடுபனிக்குள் முங்கியிருந்தது. வாசலில் ஏட்டு பொன்னுச்சாமி ஓர் ஆட்டோக்காரனை விரட்டிக்கொண்டிருந்தார்.

“ஏலே, நகத்துலே வண்டியை! பொணம் ஏறுற எடத்துல சவாரி ஏத்துறியா?”

தமயந்தியைக் கண்டதும் குரலைத் தணித்தார்.

“யாரும்மா?”

“தமயந்தி. காலையில பேசுனீங்களே.”

“அடையாளம் ஏதாச்சும் இருக்கா?”

பையைத் துழாவினாள். கையில் சிக்கியது போட்டியின் அனுமதி அட்டை. நீட்டினாள். ஏட்டு போட்டோவைப் பார்த்தார். அவள் தலையைப் பார்த்தார். மறுபடியும் போட்டோ.

“இதுல இருக்கிறது உங்க தங்கச்சியா?”

“நான்தான்யா. முடி மட்டும் லீவுல போயிருக்கு.”

ஏட்டு சிரிக்கலாமா வேண்டாமா என்று குழம்பி, உள்ளே கையைக் காட்டினார்.

வராந்தா பெஞ்சில் கண்மணி. தேசிய அணியின் நீலக் கோட்டு. கழுத்து வரை இழுத்து மூடிய ஜிப். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

“அக்கா!”

ஓடிவந்து கட்டிக்கொண்டாள். தமயந்தியின் கை தானாகவே அவள் முதுகைத் தடவியது.

“பாத்தியா தாயி? மாஸ்டரைப் பாத்தியா?”

“பாக்க முடியலைக்கா... முகத்தை...”

இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் விசும்பினார்கள்.

பூட்ஸ் சத்தம். இன்ஸ்பெக்டர் ஜூலியட் வந்தாள். முப்பத்தைந்து வயது. கொடைக்கானலிலேயே பிறந்து வளர்ந்தவள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் ஞானவேலின் போன்.

“ஸாரிம்மா. கொஞ்சம் உக்காருங்க. டீ சொல்லட்டுமா?”

“வேணாம்மா. அந்த மெசேஜைக் காட்டுங்க.”

ஜூலியட் உறைக்கு மேலேயே திரையைத் தொட்டாள்.

‘கண்மணி, பாட்டிலில் மருந்தைக் கலந்தது நான்தான். நீ பெரிய பெயர் வாங்க வேண்டும் என்ற பேராசை. என்னை மன்னித்துவிடு. நான் போகிறேன்.’

காலை ஐந்து ஐம்பதுக்கு அனுப்பப்பட்டிருந்தது.

தமயந்தி இரண்டு தடவை படித்தாள். மூன்றாம் தடவை எழுத்துகள் கலங்கின.

“மாஸ்டரா...? நம்ம மாஸ்டரா?”

“போன் ரோட்டோரச் சுவர் மேல இருந்துச்சு. பாடி எண்பது அடி கீழ. பாத்தா சூசைடு மாதிரிதான் தெரியுது. காலையில நீ அவர்கூட பிராக்டிஸ் போகலையாம்மா?” என்று கண்மணியைக் கேட்டாள் ஜூலியட்.

“இல்ல மேடம். எனக்குக் காய்ச்சல். வீட்டுலதான் படுத்திருந்தேன். அம்மாவும் அப்பாவும் இருட்டோட தோட்டத்துக்குப் போயிட்டாங்க. மெசேஜ் சத்தம் கேட்டு முழிச்சேன்...”

தமயந்தி சுவரைப் பிடித்துக்கொண்டாள். நேற்று அவர் பேசியதெல்லாம் இப்போது வேறு மாதிரி ஒலித்தது. கண்மணிகிட்டதான் முதல்ல பேசணும்... அதுதான் முறை... அப்படியானால் மன்னிப்புக் கேட்கத்தானா?

“அடப்பாவி மனுசா! எங்க கிட்டச் சொல்லியிருந்தா அடிச்சிருப்பேன், திட்டியிருப்பேன்... சாகச் சொல்லியிருப்பேனா?”

பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். பின்பக்க ரூமில் யாரோ ஸ்ட்ரெச்சரை இழுக்கும் சத்தம் கேட்டது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள் தமயந்தி.

“சரி. செத்தவருக்கு அப்புறம் அழலாம். இருக்கிறவளைப் பாப்போம். ஏம்மா, இந்த மெசேஜைக் காட்டினா வெள்ளிக்கிழமை இவளை விட்டுருவாங்கல்ல?”

“கண்மணியோட லாயர்கிட்ட இப்பத்தான் பேசினேன். ஹெல்ப் பண்ணுமாம். ஆனா இது மட்டும் போதாதாம். பாட்டில்ல நிஜமாவே மருந்து இருந்துச்சுன்னு ஒரு ப்ரூஃப் வேணுமாம்.”

“பாட்டிலுக்கு எங்க போறது? மூணு மாசமாச்சு. அந்த ஊரு குப்பையில கெடக்கும்!”

“அதான் ப்ராப்ளம்.”

தமயந்தி சட்டென்று எழுந்தாள்!

“பாட்டில் இல்லைன்னா என்ன? நான் இருக்கேன்ல!”

“நீங்களா?”

“ஆமாம்மா! முகாம்ல நாப்பது நாளு, போட்டி அன்னிக்கு இருபது பாட்டில், எல்லாத்துலயும் முதல் மடக்கு நான்தான் குடிச்சேன். டி.வி.யிலயே இருக்கு! அவளுக்குள்ள போனது எனக்குள்ளயும்தான் போயிருக்கும். என்னையும் சோதிக்கச் சொல்லுங்க! வீராங்கனையைத்தான் சோதிப்பாங்க. மசாஜ்காரியை எவன் சோதிச்சான்?”

ஜூலியட்டின் கண்கள் கூர்மையாயின.

“மூணு மாசத்துக்கு அப்புறம் யூரின்ல ஒண்ணும் இருக்காதும்மா. ஆனா... போன வருஷம் ஒரு போதை மாத்திரை கேஸ்ல, முடியை டெஸ்ட் பண்ணிக் கண்டுபிடிச்சாங்க. உடம்புக்குள்ள போற மருந்து முடியில தங்கிடுமாம். மாசக் கணக்குல...”

வார்த்தை பாதியில் நின்றது.

ஜூலியட், ஏட்டு, கண்மணி... மூன்று பேர் பார்வையும் ஒரே இடத்தில் போய் விழுந்தது.

தமயந்தியின் மொட்டைத் தலை!

“ஐயோ...”

இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள்.

“முழங்கால் மட்டும் கெடந்துச்சேம்மா! பதினோரு நாளைக்கு முன்னாடி வரைக்கும் இருந்துச்சே! வழிச்சுக் குடுத்துட்டேனே! இவளுக்காகத்தான் குடுத்தேன்... இவளைக் காப்பாத்த இருந்த ஒரே சாட்சியை இவளுக்காகவே வழிச்சுட்டேனே!”

“நேர்த்திக்கடனா?”

“பதக்கம் வாங்கினா முடி தர்றேன்னு வேண்டியிருந்தேன். வாங்கினதும் குடுத்திருக்கணும். நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப் போட்டேன். அதுக்குள்ள இந்த இழவு கடுதாசி வந்துருச்சு. இவதான் பழனிக்கே வந்து அழுதா. ‘கடனைத் தீக்காமப் போனதாலதான் முருகன் கோவிச்சுக்கிட்டாருக்கா, போட்டுருங்க’ன்னா. எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. மண்டபத்துல என் பக்கத்துலயே உக்காந்திருந்தா. கடைசி முடி விழுற வரைக்கும்...”

ஏட்டு பொன்னுச்சாமி பெருமூச்சு விட்டார்.

“விடுங்கம்மா. சாமி காரியம். நாம என்ன செய்ய...”

ஜூலியட் அசையவில்லை. தமயந்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தலைமுடிதான் வேணும்னு இல்லம்மா. உடம்புல எந்த முடியும் ஓகே. கையில?”

“எண்ணெய் போட்டுத் தேய்க்கிற கைம்மா. ஒட்டுதுன்னு மழிச்சுருவேன்.”

“புருவம்?”

தமயந்தி புருவத்தைத் தொட்டுப் பார்த்தாள். வலது. இடது. இரண்டும் இருந்தன. அடர்த்தியாக, கறுப்பாக, மாமியார் கண் வைத்த புருவம்.

அவள் முகம் பளிச்சென்று மலர்ந்தது!

“எடுத்துக்கங்கம்மா! ரெண்டையும் எடுத்துக்கங்க! யோவ் ஏட்டு, பிளேடு இருக்கா? கண்மணி... நீ தப்பிச்சடி! முருகன் தலையை வாங்கிக்கிட்டு, நெத்தியில பாக்கி வெச்சிருக்காருடி!”

“வேணாம்க்கா!”

கண்மணியின் குரல் வராந்தாவின் அந்தக் கோடி வரை போய்த் திரும்பியது.

தமயந்தி சிரித்த வாயோடு திரும்பினாள்.

“ஏண்டி?”

“அது... வேணாம்க்கா. எனக்காக முடியைக் குடுத்தீங்க. இப்ப முகத்தையும்... நல்லா இருக்காதுக்கா...”

“போடி பைத்தியம்! ஐம்பத்திரண்டு வயசுல மொட்டை போட்டு நிக்கேன். என்னைய எவன் பொண்ணு பாக்க வாரான்?”

“அதெல்லாம் ஒத்துக்க மாட்டாங்கக்கா. வீண் வேலை. மெசேஜ் போதும்க்கா...”

“போதாதுன்னு இப்பத்தானடி சொன்னாங்க!”

“போதும்னு சொல்றேன்ல!”

அந்த அதட்டல் தமயந்தியின் நெஞ்சில் போய்க் குத்தியது. எட்டு வருடத்தில் ஒரு நாளும் இவள் இப்படிப் பேசியதில்லை.

எழுந்து போய் அவள் இரண்டு தோளிலும் கை வைத்தாள்.

தோள் கல்லாக இருந்தது.

அழுகிறவளின் தோள் இப்படி இருக்காது. குலுங்கும். தளரும். இது, துப்பாக்கிச் சத்தத்துக்குக் காத்து நிற்கிற தோள். போட்டி தொடங்க ஒரு நிமிடம் இருக்கும்போது கண்மணிக்கு இப்படித்தான் இறுகும். எத்தனை தடவை பிடித்து இளக்கியிருக்கிறாள்!

வாய் என்ன சொன்னாலும் தமயந்தி தன் கை சொல்வதைத்தான் நம்புவாள்.

கட்டைவிரல் தோளிலிருந்து புஜத்துக்கு இறங்கியது. முழங்கைக்கு இறங்கியது. இன்னும் கீழே...

“ஸ்ஸ்!”

கண்மணி கையை வெடுக்கென்று இழுத்தாள்.

“என்னடி?”

“ஒண்ணுமில்லக்கா...”

“காட்டு.”

“காய்ச்சல்... உடம்பு வலி...”

“காட்டுடி!”

கோட்டுக் கையை மேலே தள்ளினாள் தமயந்தி. மணிக்கட்டுக்கு மேலே நான்கு கருஞ்சிவப்புப் பட்டைகள். மறுபக்கம் கட்டைவிரல் அளவுக்கு ஒன்று. அங்கிருந்து விரல் நுனி வரைக்கும் நகம் இழுத்துக்கொண்டு போன கீறல். ரத்தம் இன்னும் முழுதாகக் காயவில்லை.

கன்றிப்போய்ப் பச்சையானது, கறுத்தது, ஆறியது... எல்லாம் தமயந்திக்கு அத்துப்படி. இது இன்றைக்குக் காலையில் ஏற்பட்டது. எங்கேயும் இடித்துக்கொண்டதல்ல.

ஒரு மனிதன் முழு பாரத்தோடு பிடித்துத் தொங்கிய கை!

தமயந்தியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“மாஸ்டர் பிடிச்சாரா?”

கண்மணி கோட்டுக் கையைக் கீழே இழுக்கப் பார்த்தாள்.

“உன் கையைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கினாரா?”

“அக்கா...”

“நீ உதறினியா?”

ஏட்டு ஓர் அடி முன்னால் வந்தார். ஜூலியட் கையைக் காட்டி நிறுத்தினாள்.

கண்மணியின் முட்டி மடங்கியது. இருபது கிலோமீட்டர் நடந்தும் மடங்காத முட்டி! தரையில் உட்கார்ந்து, தமயந்தியின் காலைக் கட்டிக்கொண்டாள்.

“தள்ளணும்னு நெனைக்கலைக்கா! சத்தியமா நெனைக்கலை. சண்டையில ஒரு தள்ளுதான்... சறுக்கிட்டாரு. ‘பிடிச்சுக்க கண்மணி’ன்னாரு. பிடிச்சுத்தான் இருந்தேன். அப்புறம்... இவரு மேல வந்தா எல்லாம் போச்சேன்னு தோணுச்சு. ஒரே ஒரு நொடிதான்க்கா தோணுச்சு...”

தமயந்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

“மெசேஜ்?” என்றாள் ஜூலியட்.

“நான்தான். என் நடையை வீடியோ எடுக்கப் போனைச் சுவத்து மேல வெச்சிருந்தாரு. லாக் நம்பர் எனக்குத் தெரியும். அனுப்பிட்டு லாக்கை எடுத்து விட்டுட்டேன்.”

“சண்டை எதுக்கு?”

“மாத்திரை... மிச்சம் கெடந்ததை அட்டையோட நேத்து என் பையில பாத்துட்டாரு.”

மாத்திரை! அந்த ஒரு சொல்லில் எட்டு வருடம் பொலபொலவென்று உதிர்ந்தது.

“நீயே தின்னியாடி?”

“மூணு வருசமா நாலாவதாவே வந்தேன்க்கா! நாலாவதா வர்றவளை யாருக்குத் தெரியும்? ஜிம்முல ஒருத்தன் குடுத்தான். போட்டிக்குள்ள உடம்பை விட்டுப் போயிரும்னான். போகலை...”

“அப்ப பாட்டில்?”

“பாட்டில்ல ஒண்ணுமே இல்லக்கா.”

தமயந்தி மெல்லக் குனிந்தாள். கேட்கவே கூடாத கேள்வி. ஆனாலும் கேட்டாள்.

“பாட்டில்ல கலந்துட்டாங்கன்னு சொன்னியே... யாரு கலந்ததா வக்கீல்கிட்ட எழுதிக் குடுத்த?”

கண்மணி முகத்தை அவள் பாதத்தில் புதைத்துக்கொண்டாள்.

“சொல்லு தாயி.”

“பாட்டிலைக் கையில வெச்சிருந்தது... நீங்கதானேக்கா.”

மூடுபனி வராந்தாவுக்குள்ளேயே வந்துவிட்டது. தமயந்திக்கு எதிரில் இருந்த யாருமே சரியாகத் தெரியவில்லை. அது மூடுபனியினால்தான் என்று சொல்ல முடியாது.

“அக்கா குடிச்சுட்டுத்தான் குடுப்பாங்கன்னு மாஸ்டர்தான் வக்கீல்கிட்டச் சொன்னாரு. அவங்க முடியைச் சோதிச்சாலே தெரிஞ்சுரும்னாரு வக்கீல். சோதிச்சா பாட்டில் சுத்தம்னு தெரிஞ்சுருமே... அதான் பழனிக்கு வந்து...”

“அழுதியாக்கும்.”

“மொட்டைன்னதும் வக்கீலும் அதை விட்டுட்டாரு. இன்னைக்குக் காலையில மாஸ்டர் சொன்னாரு. ‘உண்மையை நீயே சொல்லிரு. இல்லைன்னா வெள்ளிக்கிழமை நான் சொல்லுவேன். தடை நாலு வருசத்துல முடிஞ்சுரும். தமயந்தி மேல விழுற பழி சாகுற மட்டும் போகாது’ன்னாரு. அதுல எனக்குக் கோவம் வந்துருச்சு. என்னை விட அக்கா முக்கியமான்னு...”

பின்பக்க ரூமின் கதவு திறந்திருந்தது. வெள்ளைத் துணிக்கு வெளியே ஒரு வலது கை தெரிந்தது. இருபது வருடம் ஸ்டாப் வாட்ச் பிடித்த கை. விரல்கள் எதையோ பற்றிக்கொள்வது போல மடங்கியே இருந்தன.

சற்று முன் அந்த மனிதரை ‘அடப்பாவி’ என்று சொல்லியிருந்தாள் தமயந்தி.

போய், அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். எட்டு வருடத்தில் ஒரு தடவை கூட அவர் இவளிடம் கை பிடித்துவிடச் சொன்னதில்லை. ஒவ்வொரு விரலாக நீவினாள். விரல்கள் இளகவில்லை.

“பத்து மணிக்குக் கூப்பிடுறேன்னீங்களே மாஸ்டர்...”

வெளியே ஜீப் உறுமியது. கண்மணி ஏட்டோடு நடந்து போனாள். திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

“அக்கா! அம்மாகிட்ட நீங்க சொல்லிருங்கக்கா! வேற யாரும் சொல்ல வேணாம்க்கா!”

“சொல்றேன்.”

“கையில வலிக்குதுக்கா...”

தமயந்தியின் விரல்கள் அனிச்சையாய்த் துடித்தன. ஓர் அடி எடுத்து வைத்தாள். நின்றுவிட்டாள்.

“ஐஸ் வைக்கச் சொல்லுடி,” என்று மட்டும் சொன்னாள்.

ஜீப் மூடுபனிக்குள் கரைந்தது.

ஜூலியட் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள். கையில் ஒரு காகித உறை. முகம் தர்மசங்கடத்தில் இருந்தது.

“அம்மா... இப்பக் கேக்கக் கூடாதுதான். ஆனா கோர்ட்டுல அவ மாத்திச் சொல்லிட்டா உங்க மேலதான் திரும்பும். பாட்டில் சுத்தம்னு ப்ரூவ் பண்ண அந்தப் புருவ முடி எனக்கு வேணும்.”

“அவளைக் காப்பாத்தத் தர்றேன்னேன். மாட்டிவிடத் தரணும்... அதான?”

“ஸாரிம்மா. கொஞ்சம் போதும். ஒரு புருவம் மட்டும் எடுத்துக்கறோம். இன்னொண்ணு அப்படியே இருக்கட்டும்.”

தமயந்தி கண்ணைத் துடைத்தாள். மூக்கை உறிஞ்சினாள். தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, பெஞ்சில் நேராக உட்கார்ந்து நெற்றியை நிமிர்த்திக் காட்டினாள்.

“ரெண்டையும் எடுத்துக்கங்கம்மா! புருவத்தைத் தூக்கி ஆச்சரியப்பட இனிமே எனக்கு என்ன பாக்கி கெடக்கு!”